படபடப்பு மாத்திரையுடன் எட்டு மாதங்கள்: பீதித் தாக்குக்கு வேறு என்ன சிகிச்சைகள் உள்ளன?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. திருநெல்வேலியில் குடியிருந்துகொண்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் பேருந்தில்தான் போய்வந்தேன். சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் காலை, பேருந்து பத்தமடையைத் தாண்டிச் சேரன்மகாதேவியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, எந்தக் காரணமும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மூச்சு மேலே ஏறி நின்றுகொண்டது. விரல் நுனிகள் மரத்துப்போயின. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்த கை என்னுடையதுதானா என்றே தோன்றியது. சாகப் போகிறேன் என்று அந்த நிமிடம் உறுதியாக நம்பினேன். நடத்துநர் பேருந்தை நிறுத்தி, என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார்கள். இரண்டு வாரங்கள் கழித்து டிரெட்மில் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. "உங்களுக்கு ஒன்றுமில்லை, கேஸ்தான், டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லி, அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதிக்கொடுத்தார்கள். எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகும் பதினொரு முறை அதே போல் வந்திருக்கிறது. பேருந்தை விட்டுவிட்டு பைக்கில் போனேன். ஆற்றுப் பாலத்தின் மீது ஒருமுறை வந்ததும் பைக்கையும் விட்டேன். இப்போது சக ஆசிரியர் ஒருவரின் காரில் போகிறேன். சட்டைப்பையில் மாத்திரை அட்டை, கையில் தண்ணீர்ப் பாட்டில் இரண்டும் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் மாலைக்குள் கை நடுங்குகிறது. அம்மா திருநீறு மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். மனைவி மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். பள்ளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டு வருகிறேன். இதற்கு வேறு என்ன சிகிச்சைகள் இருக்கின்றன? வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

செம்பருத்தி:

சார், உங்கள் பதிவைப் படித்தபோது ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய என்னைப் பார்த்தது போல் இருந்தது. எனக்கு அது கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் வந்தது. அதன் பிறகு ஓராண்டு நான் லிஃப்டில் ஏறவில்லை. இப்போது ஏறுகிறேன். விரிவாக இரவில் எழுதுகிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எங்களில் யாராவது எழுதுவதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

மருதமரம்:

நான் அரசுப் பணியில் இருக்கும் மனநல மருத்துவன். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன். பொதுவான செய்திகளை மட்டும் எழுதுகிறேன்.

ஆசிரியர் விவரித்திருப்பது பீதிக் கோளாறின் தெளிவான படம். பீதித் தாக்கு என்பது திடீரென எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணிந்துவிடும் ஓர் அச்ச அலை. ஒரு முறை வந்துபோவது நோய் அல்ல. எதிர்பாராத தாக்குகள் மீண்டும் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ அதற்காக வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைக் கோளாறு என்கிறோம். இவருக்கு பஸ் போய், பைக் போய், இப்போது கார் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நோய் இவரிடமிருந்து பறித்திருப்பது தனியாகப் போய்வரும் சுதந்திரத்தைத்தான்.

இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்ட வரலாற்றைச் சொன்னால் சிகிச்சையும் எளிதாக விளங்கும். 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் இதே போன்ற படபடப்பைக் கண்டு, அதை எளிதில் தூண்டப்படும் இதயம் என்று எழுதினார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்டு கிளைன் என்ற மனநல மருத்துவர், செவிலியர் அறைக்கு அடிக்கடி ஓடிவந்து "சாகப் போகிறேன்" என்று பதறும் நோயாளிகளுக்கு அப்போது புதிதாக வந்திருந்த இமிப்பிரமின் என்ற மருந்தைக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்தும் நோயாளிகள் தங்களுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை என்றே கூறினார்கள். ஆனால், அவர்கள் ஓடிவருவது நின்றுவிட்டதை ஊழியர்கள் கவனித்தார்கள். தாக்கு நின்றிருந்தது, தாக்கு வந்துவிடுமோ என்ற முன்கவலை மட்டும் அப்படியே இருந்தது. இரண்டும் வெவ்வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது.

ஆகவே இதில் மூன்று அடுக்குகள் உள்ளன: தாக்கு, முன்கவலை, தவிர்ப்பு. மருந்து முதல் அடுக்கை நன்றாக அடக்கும். மூன்றாவது அடுக்கைத் தானாகக் கரைக்கும் ஆற்றல் எந்த மாத்திரைக்கும் கிடையாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

மருந்துகளில் இன்று முதலில் வருபவை மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை: செர்டிராலின், எஸ்சிடாலோபிராம், ஃபுளுவாக்சிடின், பராக்சிடின் போன்றவை. வென்லாஃபாக்சின் என்பது சற்று வேறு வகை. அதற்கு இரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். பழைய இமிப்பிரமினும் நன்றாக வேலை செய்யும். ஆனால் வாய் உலர்வு, மலச்சிக்கல் போன்ற தொல்லைகளும், அளவு மிஞ்சினால் இதயத்துக்கு ஆபத்தும் இருப்பதால் பின்னுக்குப் போய்விட்டது.

எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளைப் பீதி நோயாளிக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். செர்டிராலின் என்றால் வழக்கமாக 25 மில்லிகிராம், எஸ்சிடாலோபிராம் என்றால் 5 மில்லிகிராம். காரணம், முதல் பத்து நாட்களில் இவை படபடப்பைச் சற்றே கூட்டக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்தால், நோயாளி மூன்றாம் நாளே "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுவார். நல்ல பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம், முழுப் பலனுக்கு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். நன்றாக ஆன பிறகும் ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து, பின்பு சில மாதங்களில் படிப்படியாகக் குறைக்கிறோம். இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

அல்பிரசோலம் பற்றி: அது அரை மணி நேரத்தில் அமைதி தரும், அதுதான் அதன் சிக்கலும்கூட. உடலில் அதன் அளவு சீக்கிரம் இறங்குவதால், அடுத்த வேளைக்கு முன்பே நடுக்கம் வருகிறது. அந்த நடுக்கத்தை நோயாளி நோய் என்று எண்ணி இன்னொன்றைப் போடுகிறார். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நெறிகள் பீதிக் கோளாறுக்கு இந்த பென்சோடயசெபின் வகையை எழுதவே வேண்டாம் என்கின்றன. நான் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்யத் தொடங்கும்வரை இரண்டு மூன்று வாரங்கள் துணையாகக் கொடுப்பதுண்டு. ஆனால் எட்டு மாதங்கள் இதை மட்டுமே கொடுப்பது சிகிச்சை ஆகாது. மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் சரியான மருந்தோ பயிற்சியோ அல்லது இரண்டுமோ தொடங்க வேண்டும். அது நிலைபெற்ற பிறகு அல்பிரசோலத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், மருத்துவர் மேற்பார்வையில் குறைக்க வேண்டும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்திருக்கிறீர்களா? தைராய்டு மிகையும் சில வகை இதயத்துடிப்புக் கோளாறுகளும் இதே வேடத்தில் வருவதுண்டு. ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், மாதந்தோறும் ஈசிஜி எடுப்பதும் ஒருவகைத் தவிர்ப்புதான்.

கடைமாடம்:

மருந்தாளுநராக ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். அல்பிரசோலமும் அதே வகை மருந்தான டயசெபாமும் 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலான அட்டவணை எச்1இல் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. வாங்குபவர் பெயர், எழுதியவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியிருந்தும் பழைய சீட்டையே மடித்து மடித்துக் கொண்டுவந்து நீட்டுபவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மடிப்புக் கோட்டில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, தேதி அழிந்துபோன சீட்டுகள் அவை. கொடுக்க மறுத்தால் கோபப்படுகிறார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம்தான் வருகிறது, ஏனென்றால் அவர்களுக்கு யாருமே இதை விளக்கியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சந்தையில் எஸ்சிடாலோபிராமும் அல்பிரசோலத்தின் வகையைச் சேர்ந்த குளோனசெபாமும் ஒரே மாத்திரையாகவும், அல்பிரசோலமும் புரோபிரனலாலும் ஒரே மாத்திரையாகவும் கிடைக்கின்றன. ஒன்றைக் குறைத்து மற்றொன்றைத் தொடர வேண்டிய கட்டம் வரும்போது இந்தக் கூட்டு மாத்திரை கைகளைக் கட்டிவிடும். தனித்தனியாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் பணிவாகக் கேட்கலாம். புரோபிரனலால் நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதிகாலை:

நான் இருபது ஆண்டுகளாக யோகம் கற்பித்து வருகிறேன். மருந்தைப் பற்றி இவ்வளவு பேசும் இடத்தில் மூச்சைப் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. பீதி வரும்போது முதலில் கெடுவது மூச்சு. அதைச் சீர் செய்தால் மனம் தானே அடங்கும். நாடி சுத்தியும், நீண்ட வெளிமூச்சும் ஒரு மண்டலம் செய்துபாருங்கள். மருந்தின் தேவையே இருக்காது என்பது என் அனுபவம்.

மருதமரம்:

ஐயா, மெதுவான வெளிமூச்சு நல்லது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பீதியில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும். மூச்சை மெதுவாக்கினால் அவை குறையும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகள் இந்த நோயாளிகளில் சிலருக்குத் தாக்கையே கொண்டுவந்துவிடும். அடுத்தது நுட்பமானது. "மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் பிழைத்தேன்" என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால், மூச்சுப் பயிற்சியும் சட்டைப்பை மாத்திரையாக மாறிவிடுகிறது. அன்றாடப் பழக்கமாகச் செய்யுங்கள், உயிர் காக்கும் கயிறாகப் பிடிக்காதீர்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது உண்மையில் ஆஸ்துமாவாகவோ இதய நோயாகவோ இருந்தால் அது கேடு செய்யும்.

"மருந்தின் தேவையே இருக்காது" என்ற வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற வேண்டுகிறேன். அதை நம்பி அல்பிரசோலத்தை ஒரே நாளில் விட்டு, வலிப்போடு வந்தவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

அதிகாலை:

திரும்பப் பெறுகிறேன், மருத்துவர் ஐயா. வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியாது. இனி வகுப்புக்கு வருபவர்களிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.

செம்பருத்தி:

சொன்னபடி விரிவாக எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிபிடி என்பார்கள். வாரம் ஒருமுறை என்று மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். கூடவே குறைந்த அளவில் செர்டிராலின்.

முதல் இரண்டு அமர்வுகளில் உளவியலாளர் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். உடலில் ஏதோ ஒரு சிறு மாற்றம், உதாரணமாக மாடிப்படி ஏறியதால் வரும் துடிப்பு. அதை மனம் "மாரடைப்பு" என்று தவறாகப் படிக்கிறது. அந்த எண்ணம் அச்சத்தைக் கிளப்புகிறது. அச்சம் துடிப்பை இன்னும் கூட்டுகிறது. கூடிய துடிப்பு "பார், சொன்னேன் அல்லவா" என்று எண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது. 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் விளக்கிய வட்டம் இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வாழ்க்கையின் ஓராண்டு முழுவதும் அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் அமர்வில் வந்தது நான் எதிர்பாராதது. அறையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதில் என்னை உட்கார வைத்து ஒரு நிமிடம் சுற்றினார். தலை சுற்றி, வயிறு புரண்டு, அந்தத் துணிக்கடை மூன்றாவது மாடி அப்படியே திரும்பி வந்தது. "எழுந்து ஓட வேண்டும் போல் இருக்கிறதா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "ஓடாமல் இருந்து, என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வாருங்கள்" என்றார். சுவரில் கடிகாரம் இருந்தது. நான்கு நிமிடங்களில் பாதியாகவும், ஏழாவது நிமிடத்தில் ஏறக்குறைய இல்லாமலும் போனது. மாத்திரை போடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. அது தானாகப் போயிற்று. ஓராண்டில் முதன்முறையாக அது தானாகப் போவதை நான் பார்த்தேன், ஏனென்றால் அதுவரை ஒருமுறையும் அதன் கடைசிவரை நான் இருந்ததில்லை.

அடுத்த வாரங்களில் இளநீர் உறிஞ்சும் ஸ்டிராவின் வழியே மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட்டேன், நின்ற இடத்திலேயே ஓடினேன், வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கினேன். வீட்டிலும் மொட்டைமாடியில் நாள்தோறும் இரண்டு முறை செய்யச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "ஏனம்மா, மூச்சுத் திணறுகிறதா?" என்று ஓடிவந்துவிட்டார். அவரிடம் முழுவதையும் சொன்னேன். அவருடைய தம்பிக்கும் இதே தொல்லை இருந்தது என்றார்.

அதன் பிறகுதான் லிஃப்ட். முதலில் உளவியலாளருடன் ஒரு மாடி, பிறகு தனியாக ஒரு மாடி, பிறகு அதே துணிக்கடை. கைப்பையில் மாத்திரையை வைத்துக்கொண்டு ஏறினால் அது கணக்கில் சேராது என்றார். அது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் அதுதான் என்னைக் குணப்படுத்தியது என்று இன்றும் நம்புகிறேன்.

மருதமரம்:

சகோதரியின் விவரிப்பு, நான் பாடம் எடுத்தால் சொல்வதைவிடத் தெளிவாக இருக்கிறது. ஓர் ஆய்வை மட்டும் சேர்க்கிறேன். டேவிட் பார்லோ என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 312 நோயாளிகளிடம் இமிப்பிரமின், சிபிடி, இரண்டும் சேர்ந்தது ஆகியவற்றை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிகிச்சை நடக்கும்போது எல்லாமே பலன் தந்தன. ஆனால் எல்லாச் சிகிச்சையையும் நிறுத்தி ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, இமிப்பிரமினுடன் சேர்த்துச் சிபிடி பெற்றவர்களைவிட மருந்தின்றிச் சிபிடி பெற்றவர்களே பலனை அதிகமாகத் தக்கவைத்திருந்தார்கள். தன் முயற்சியால் வந்த பலனை மருந்தின் கணக்கில் மனம் எழுதிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. இதனால் மருந்து வேண்டாம் என்று பொருளல்ல. வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாதவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. அவருக்கு முதலில் மருந்துதான் கதவைத் திறக்கும்.

தாமிரபரணிக்கரை:

மனம் நிறைந்த நன்றி. தைராய்டு பார்த்ததில்லை, நாளை பார்க்கிறேன். மூன்று கேள்விகள். எங்கள் ஊரில் சிபிடி தெரிந்த உளவியலாளரை எங்கே தேடுவது? ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டால் என்னால் முடியாது. மருத்துவரிடம் போன செய்தி பள்ளி நிர்வாகத்துக்குப் போகுமா? மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு மிக அதிகம், வகுப்பில் மாணவர்கள் முன்னால் விழுந்தால் என்ன செய்வது?

மருதமரம்:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். மயக்கம் என்பது பெரும்பாலும் இரத்த அழுத்தம் திடீரென விழுவதால் வருவது. பீதியில் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே பீதித் தாக்கில் மயங்கி விழுவது மிக அரிது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குபவர்கள் மட்டும் விதிவிலக்கு. பதினொரு தாக்குகளில் நீங்கள் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பற்றிய தகவல்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்கு அளித்திருக்கிறது. உங்கள் அனுமதியின்றி பள்ளிக்கு யாரும் சொல்லக் கூடாது.

முதலாவது: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் புற நோயாளியாகப் போங்கள், கட்டணம் இல்லை. அங்கே கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது கடினம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இருந்தாலும் முறையைக் கற்றுக்கொண்டால் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. இடையில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

தென்றல்:

எல்லோரும் குணமான கதைகளையே சொல்வதால் என் கதையையும் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் எஸ்சிடாலோபிராம் ஒன்றரை ஆண்டு சாப்பிட்டு, முறையாகக் குறைத்து நிறுத்தினேன். ஏழு மாதங்களில் நோய் திரும்பி வந்தது. மீண்டும் தொடங்கி, இப்போது நான்காவது ஆண்டாகச் சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன், மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன், இரயிலில் சென்னை போய்வருகிறேன். சர்க்கரை நோயாளி மாத்திரை சாப்பிடுவதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. நீண்ட காலம் மருந்தில் இருப்பவர்களை இந்த இழை குறைத்துப் பார்க்கிறதோ என்று எனக்குச் சிறு வருத்தம்.

ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் தாம்பத்திய உறவில் தாமதத்தையும் ஆர்வக் குறைவையும் உண்டாக்கக்கூடும். எனக்கு உண்டாக்கியது. எழுதிக்கொடுத்தவர் சொல்லவில்லை. நானே ஏதோ கெட்டுப்போய்விட்டேன் என்று ஆறு மாதங்கள் மனைவியிடமும் பேசாமல் இருந்தேன். பிறகு வேறொரு மருத்துவரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார், பெருமளவு சரியானது. தயங்காமல் கேளுங்கள்.

மருதமரம்:

உங்கள் வருத்தம் நியாயமானது. நான் மேலே எழுதியதில் அந்தத் தொனி இருந்திருந்தால் மன்னியுங்கள். மீண்டும் மீண்டும் திரும்பிவருபவர்களுக்கு நீண்ட காலம் தொடர்வது முறையான சிகிச்சைதான். பக்கவிளைவைச் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் பிழை.

முல்லைக்கொடி:

நான் நோயாளி அல்லள், நோயாளியின் மனைவி. இரண்டு ஆண்டுகள் என் கணவருக்குத் தாக்கு வரும்போதெல்லாம் நெஞ்சைத் தடவி, விசிறி, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். அது அன்பு என்றுதான் நினைத்தேன். அவருடைய மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "அம்மா, நீங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் இது ஆபத்து என்று அவர் மூளை முடிவு செய்கிறது" என்றார். அன்றிரவு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது செய்வது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துவிட்டதா? சரி, இருந்து போகட்டும்" என்று மட்டும் சொல்வேன். கையில் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் கீரையை ஆய்வேன். அவரும் சிறிது நேரத்தில் கை நீட்டி ஒரு கைப்பிடி எடுத்து ஆயத் தொடங்குவார். "ஒன்றுமில்லை" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவருக்கு நிகழ்வது ஒன்றுமில்லாதது அல்ல. தாமிரபரணிக்கரை அவர்களின் துணைவியாரும் இதைப் படித்தால் நல்லது.

நெறியாளர்:

இழையைப் படிக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். இங்குள்ள மருந்தளவுகள் பொதுத் தகவல்கள் மட்டுமே. நாற்பது வயதைக் கடந்தவர்களோ சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களோ முதன்முறையாக நெஞ்சுவலி கண்டால், வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், நடக்கும்போது வலி கூடி, நின்றதும் குறைந்தால், அதைப் பீதி என்று தாங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை (நான்கு மாதங்களுக்குப் பிறகு):

உங்கள் எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபினும் சரி. ஹைகிரவுண்டுக்குப் போனேன். வரிசையில் நின்றபோது என் பழைய மாணவன் ஒருவனின் தந்தையைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன். அவரே வந்து, "சார், நீங்களும் தூக்கத்துக்கா?" என்று கேட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எஸ்சிடாலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி, பத்து நாள் கழித்து 10 ஆக்கினார்கள். நீங்கள் சொன்னபடியே முதல் வாரம் மோசமாக இருந்தது. முன்பே படித்திருந்ததால் தாங்கிக்கொண்டேன். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் மதியம், காலையிலிருந்து நாடியைப் பிடித்துப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நாளுக்கு ஐந்தாக இருந்த காபி இரண்டானது. பயிற்சியை அங்கிருந்த உளவியலாளர் மூன்று அமர்வுகளில் கற்றுக்கொடுத்தார், மற்றதை வீட்டு மாடிப்படியிலும் ஸ்டிராவிலும் செய்தேன்.

பிறகு பேருந்து. முதல் வாரம் மேலப்பாளையம் வரை போய் இறங்கித் திரும்பினேன். அடுத்து பத்தமடை. சேரன்மகாதேவிக்கு முன்னால் அதே வளைவில் மூன்று முறை வந்தது. இரண்டு முறை இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வீரவநல்லூர் வந்தபோது உச்சத்தைத் தாண்டியிருந்தது, கல்லிடைக்குறிச்சியில் பூக்காரம்மா ஒருவர் ஏறிக் கூடையை என் காலடியில் வைத்து, "தம்பி, பார்த்துக்கிடுங்க" என்றார். அம்பாசமுத்திரம்வரை அந்தக் கூடையைப் பிடித்துக்கொண்டு போனேன். தண்ணீர்ப் பாட்டில் பைக்குள்ளேயே இருந்தது.

போன மாதம் மீண்டும் ஒருமுறை, தேர்வுக் கண்காணிப்பின்போது வந்தது. அன்று மிகவும் சோர்ந்துபோனேன். அல்பிரசோலத்தை இரவில் கால் மாத்திரைவரை குறைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதையும் நிறுத்திவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம் பொதுத்தேர்வுப் பணியும் தொடங்குகிறது.

மருதமரம்:

வாழ்த்துகள், ஆசிரியரே. கண்காணிப்பு அறையில் வந்தது பின்னடைவு அல்ல, மாறிவரும் மூளை இடையில் ஒருமுறை பழைய பாதையைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. கால் மாத்திரையை இப்போதைக்குத் தொடாதீர்கள். தேர்வுப் பணி முடிந்து விடைத்தாள்களும் போய்ச் சேரட்டும். பிறகு உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றாமல், அளவையே சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துங்கள். கடைசிப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

தாமிரபரணிக்கரை:

அப்படியே செய்கிறேன், ஐயா. நாளை 7.10 பேருந்து.